தோட்டா இல்லாத துப்பாக்கி

கந்த சஷ்டியின்போது முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் நடக்கும். அறுபடை வீடுகளில் ஒன்றான திருத்தணியில் அது நடப்பதில்லை. போர் முடித்து வந்த வேலவனின் சினம் தணிந்த இடம் அல்லவா அது? அந்த மலையின் 365 படிகளை ஏறும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும். எதிரே பகை இல்லாத நாட்களில் வீரனுக்கு என்ன வேலை?

துப்பாக்கி சுடும் வீரர்களின் பயிற்சியைப் பற்றி அறிந்தபோது அதற்கு விடை கிடைத்தது. 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். அதற்குத் தயாராகிறவர்கள் குண்டே போடாமலும் பழகுகிறார்கள். துப்பாக்கி காலிதானா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துக்கொண்டு, வெள்ளைச் சுவருக்கு எதிரே நின்று, மெல்ல விசையை அழுத்துகிறார்கள். 'க்ளிக்' என்று ஓர் ஓசை. அவ்வளவுதான். சுவரில் துளை இல்லை; கைதட்ட ஆள் இல்லை.

வீண்வேலை என்று தோன்றுகிறதா? சுடும்போது எழும் ஓசையும் அதிர்வும் கையின் குற்றத்தை மறைத்துவிடும். காலித் துப்பாக்கியில் அந்தத் திரை கிடையாது. விசை விடுபடும் கணத்தில் குறி மயிரிழை அசைந்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இலக்கில் விழும் துளை சில சமயம் பொய் சொல்லும். நடுங்கிய கையின் குண்டும் அதிர்ஷ்டத்தால் நடுவில் பாயலாம். நாமோ வாழ்க்கையில் துளையை மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். மதிப்பெண் குறைந்த பிள்ளையை, அவன் எப்படிப் படித்தான் என்று கேட்காமலே திட்டுகிறோம். குறுக்கு வழியில் பணம் சேர்த்தவனுக்கு, எப்படிச் சேர்த்தான் என்று கேட்காமலே மாலை போடுகிறோம்.

திருத்தணியில் 1888-இல் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் பகவத் கீதைக்கு ஆங்கிலத்தில் உரை எழுதினார். பலனில் பற்று வைக்காதே என்னும் அந்த உபதேசம் ஒரு வில்லாளிக்குச் சொல்லப்பட்டது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். குறி தவறினாலும் பரவாயில்லை என்று எந்த வில்லாளிக்கும் யாரும் சொல்லமாட்டார்கள். பலனில் பற்று விடுவது வேறு. பலனை அலட்சியம் செய்வது வேறு.

அபினவ் பிந்த்ரா 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் ஏழாவதாக வந்தார். 2008-இல் பெய்ஜிங்கில், கடைசிக் குண்டுக்கு முன் அவரும் பின்லாந்து வீரரும் சமநிலையில் நின்றார்கள். அந்தக் குண்டில் அவர் எடுத்தது 10.8. தனிநபர் போட்டியில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. உலகம் பார்த்தது ஒரு கணத்தை. அதற்குப் பின்னால் இருந்தவை யாரும் பார்க்காத ஆண்டுகள்.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கவனமின்றி ஆயிரம் முறை விசையை அழுத்தினால் பழகுவது பிழைதான். குண்டில்லாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்ற முடியாது; தன்னையே ஏமாற்றிக்கொள்ளலாம். 'இந்த முறை கை அசைந்தது' என்று தனி அறையில் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறவனுக்கே அந்தப் பயிற்சி பலிக்கும். சாட்சி இல்லாத இடத்தில் மெய் பேசுவதைவிடக் கடினமான குறி வேறு எது இருக்கிறது?