வீட்டை இப்போது விற்பதா, பொறுத்திருப்பதா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நம்மவர் நாலு பேர் கூடினால், இக்காலத்தில் எழும் பேச்சுகளில் முதன்மையானது யாது? “வீட்டை இப்போது விற்றுவிடலாமா, இன்னும் இரண்டு வருஷம் பொறுக்கலாமா?” என்பதே. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கப்பலேறி வந்து, தஞ்சோங் பகாரில் ஒரே அறையில் பலர் முடங்கிக் கிடந்த நம் முன்னோர், இப்படியொரு கேள்வி தங்கள் மக்களுக்கு வரும் என்று கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள். விற்பதற்கு ஒரு வீட்டை நமக்குத் தந்த அல்லாஹு தஆலாவுக்கே புகழனைத்தும். அல்ஹம்துலில்லாஹ்!

ஆயின் கேள்வி கேட்கப்படும் விதத்தில்தான் கோளாறு இருக்கிறது. “விலை ஏறுமா, இறங்குமா?” என்று தொடங்குகிறோம். இதற்கு விடை யாரிடம் உண்டு? நாளைய வருவாய் இன்னதென அறியும் ஆற்றல் எந்த ஆத்மாவுக்கும் இல்லை என்பது திருமறையின் லுக்மான் அத்தியாயம் நமக்குப் போதிக்கும் பாடமன்றோ? நாடறிந்த நடப்பும் இதற்குச் சாட்சி. சிங்கப்பூரில் வீவக மறுவிற்பனை வீடுகளின் விலை 2013-ல் உச்சத்தைத் தொட்டது. இன்னும் ஏறும் என்று காத்திருந்தவர்கள், அடுத்த ஆறு ஆண்டுகள் அது படிப்படியாக இறங்கக் கண்டார்கள். இனி ஏறாது என்று 2019-ல் விற்றவர்களோ, 2020 தொடங்கி அது வேகமாக ஏறக் கண்டார்கள். இரு சாராரும் அறிவிலிகள் அல்லர். மறைவானதை அறிய முடியாத மனிதர்கள், அவ்வளவே. தரகரின் வாயும் ஏட்டின் செய்தியும் கைபுக்குத் துணையாகா.

அப்படியானால் கைகட்டி இருந்துவிடுவதா? அன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைப்பதா என்று ஒருவர் வினவியபோது, முதலில் கட்டு, பிறகு இறைவனை நம்பு என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்ந்தார்கள். விலை நம் கையில் இல்லை. கட்ட வேண்டிய கயிறுகள் நம் கையில் உள்ளன. அவற்றைக் காண்போம்.

முதலாவது, குத்தகைக் காலம். நம் வீவக வீடு 99 ஆண்டுக் குத்தகை. 1976-ல் தொடங்கியது 2075-ல் முடியும். 50 ஆண்டுகள் எஞ்சியுள்ள வீட்டை 35 வயதுக்காரர் ஒருவர் வாங்க வந்தால், அவருடைய 85-ஆம் வயதில் குத்தகை தீர்ந்துவிடும். 2019 மே மாதத்திலிருந்து நடப்பிலுள்ள விதிப்படி, வாங்குபவரின் 95 வயது வரை குத்தகை எட்டாவிட்டால், அவர் தம் மத்திய சேமநிதியை முழு அளவில் பயன்படுத்த முடியாது. ஆகவே ஆண்டுகள் கழியக் கழிய வாங்க இயன்றவர் தொகை சுருங்கும். “அரசாங்கம் இடித்துவிட்டுப் புதுவீடு தரும்” என்று காத்திருப்போரும் உளர். 1995-ல் அறிவிக்கப்பட்ட அத்திட்டம் சிறு பகுதி வீடுகளுக்கே கிட்டியது. கேலாங் லோரோங் 3-ல் 191 தனியார் வீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31-ல் முடிந்தபோது, நிலம் இழப்பீடின்றி அரசிடமே திரும்பிச் சென்றது. குத்தகை என்றால் குத்தகைதான்.

இரண்டாவது, கையில் உண்மையாக வரும் பணம். வீடு 5 லட்சம் வெள்ளிக்குப் போகிறதென வைத்துக்கொள்வோம். மீதிக் கடன் 40 ஆயிரம். சேமநிதியிலிருந்து எடுத்த தொகையும், அதன்மேல் ஆண்டுக்கு 2.5 விழுக்காடாகச் சேர்ந்ததும் கூடி 2 லட்சத்து 60 ஆயிரம் எனில், அது சேமநிதிக் கணக்குக்கே திரும்ப வேண்டும். மிஞ்சுவது 2 லட்சம். தரகுக் கூலியும் இதரச் செலவும் அதிலிருந்தே போகும். 5 லட்சம் என்று மனக்கோட்டை கட்டியவருக்கு இது பெரிய ஏமாற்றம் அன்றோ?

மூன்றாவது, சட்டத்தின் வரம்பு. பொதுவாக 5 ஆண்டுகள், பிளஸ், பிரைம் வகை வீடுகளில் 10 ஆண்டுகள் குடியிருந்த பின்னரே விற்க இயலும். 1989 முதல் இன விகிதாசார விதியும் உண்டு. ஒரு புளோக்கில் சீனர் விகிதம் நிறைந்துவிட்டால், அங்குள்ள இந்தியரின் வீட்டைச் சீனர் வாங்க முடியாது. நம்மவர் பலரைப் பாதிக்கும் இதனை, விலை பேசுமுன்பே வீவகவிடம் விசாரித்துக்கொள்க.

சகோதரர்களே! இவற்றைக் கணக்கிட்ட பின் கேட்க வேண்டிய பெரிய கேள்வி ஒன்றுண்டு. விற்ற மறுநாள் எங்கே தலைசாய்ப்போம்? இப்னு மாஜா (ரஹ்) அவர்களின் தொகுப்பில் காணும் ஒரு ஹதீதின் கருத்து, வீட்டை விற்றவர் அந்தக் கிரயத்தை அதுபோன்ற ஒன்றிலேயே போடாவிடில் அப்பணத்தில் பரக்கத் இராது என்பதாகும். அனுபவமும் இதையே பேசுகிறது. வீடாக இருந்தவரை நின்ற பொருள், ரொக்கமானதும் கல்யாணத்திலும் காரிலும் பிறர் கேட்ட கைமாற்றிலும் கரைந்துவிடுகிறது. ஆதலின் அடுத்த வீடு நிச்சயமாகாத வரை விற்க அவசரப்படலாகாது. விலை ஏறியிருக்கும் காலத்தில், நாம் வாங்கப்போகும் வீடும் ஏறியே இருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

கடன் கழுத்தை நெரிக்கிறதா? மாதத் தவணை கட்ட இயலாமல் நிலுவை ஏறுகிறதா? பெற்றோரால் படியேற முடியவில்லையா? அப்படியாயின் நல்ல விலைக்குக் காத்திராது, நியாயமான விலைக்கு இப்போதே விற்றுச் சிறிய வீட்டுக்குப் போவது விவேகம். கடனோடு மௌத்தாவதை நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு அஞ்சத்தக்கதாகக் கருதினார்கள் என்பதை யாவரும் அறிவோம். கடனுமில்லை, நெருக்கடியுமில்லை, பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் தொழும் பள்ளிவாசலும் அருகில் உள்ளன, அண்டைவீட்டார் நல்லவர்கள் என்றால், பக்கத்து புளோக்கில் ஒருவர் லாபம் கண்டார் என்பது மட்டும் விற்பதற்குக் காரணமாகாது.

இனி, சொல்லியே ஆகவேண்டிய ஒரு கசப்பான விஷயம். வயோதிகத் தாய் தந்தையரை, “வீட்டை விற்று எங்கள் பங்கைக் கொடுங்கள், விலை இறங்குமுன் விற்றுவிடுங்கள்” என்று நச்சரிக்கும் மக்கள் நம்மிடையே இல்லையென்று மார்தட்டிச் சொல்ல முடியுமா? ஒருவர் உயிரோடிருக்கையில் அவர் சொத்தில் எவருக்கும் வாரிசுப் பங்கு கிடையாது. பராயிழ் கணக்கு மௌத்துக்குப் பின்பே தொடங்கும். அதுவும் கடனும் வஸிய்யத்தும் தீர்ந்த பிறகே. கிரயத்தைப் பங்கிட்டுக்கொண்டு, உம்மாவை மாதம் ஒரு வீடாகப் பெட்டியோடு அலையவிடுவது எந்தத் தீனில் உள்ளது? பெற்றோருக்குச் செலவுக்குப் பணம்தான் குறை என்றால் வேறு வழிகள் உண்டு. ஓர் அறையை வாடகைக்கு விடலாம். 65 வயது நிரம்பியோர், குத்தகையின் பிற்பகுதி ஆண்டுகளை மட்டும் வீவகவுக்கு விற்று, அதே வீட்டில் இருந்தபடியே மாத வருவாய் பெறும் திட்டமும் உண்டு. 55 வயதைக் கடந்தோர்க்குக் குறுகிய குத்தகையில் ஈரறை வீடும் உண்டு. பிள்ளைகள் கணக்குப் பார்த்து உதவட்டும். முடிவு பெற்றோருடையதாக இருக்கட்டும்.

விற்பதென்று துணிந்தால் விற்கும் முறையும் மார்க்கப்படி அமைய வேண்டும். குளியலறைக் கசிவைச் சாயம் பூசி மறைப்பதும், “இன்னொருவர் கூடுதலாகக் கேட்டார்” என்று இல்லாத ஆளை இருப்பதாகச் சொல்வதும் வியாபாரத்தின் பரக்கத்தை அழிப்பன. நாயகம் (ஸல்) அவர்களால் விடுதலை செய்யப்பட்ட அபூ ராஃபிஃ (ரலி) அவர்கள், வேறிடத்தில் 500 பொற்காசுகளுக்குக் கேட்கப்பட்டிருந்தும், அண்டைவீட்டாரான ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கே, குறைந்த விலைக்கு, அதுவும் தவணையில் தம் இடத்தைக் கொடுத்தார்கள் என்பது புகாரியில் காணும் செய்தி. அண்டைவீட்டாரின் உரிமை பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடம் செவியுற்றதே அதற்குக் காரணம். கடைசி வெள்ளி வரை கறப்பது ஸஹாபாக்களின் வழியன்று. கிரயப்பணம் நிஸாபை எட்டி ஓராண்டு கையில் தங்கினால் ஸகாத் கடமையாவதையும் நினைவிற் கொள்க.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். மனைவி மக்களோடு மஷூரா செய்யுங்கள். வீட்டின் அருமை அதிலேயே நாளெல்லாம் புழங்கும் மனைவிக்கே அதிகம் தெரியும். அவள் சொல்லை ஒதுக்காதீர்கள். விவரமறிந்தவரிடம் கணக்கைக் காட்டுங்கள். இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாரா செய்யுங்கள். பிறகு முடிவெடுத்துவிட்டால், விற்றபின் விலை ஏறினாலும், விற்காதபோது இறங்கினாலும், “அப்படிச் செய்திருந்தால்” என்ற புலம்பலை வாயில் வராது காத்துக்கொள்ளுங்கள். அது ஷைத்தானுக்குக் கதவு திறந்துவிடும் சொல் என்பது நபிமொழி தரும் எச்சரிக்கை.

99 ஆண்டு என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறது. நம் ஆயுளின் குத்தகை எத்தனை ஆண்டென்று எழுதிய ஏடு அல்லாஹ்விடம் உள்ளது. இருக்கும் வரை நம் கூரையின்கீழ் தொழுகையும் நிம்மதியும் நிலவவும், இறங்கிச் செல்லும் நாளில் எவருக்கும் கடன்படாது செல்லவும் ரப்புல் ஆலமீன் நம் யாவருக்கும் கிருபை செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.