கோத்திரம் எதைக் காத்தது?

பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. இரு வீட்டாரும் காபி குடித்து முடித்து நாள் பார்க்கலாம் என்னும் நேரத்தில் பெரியவர் ஒருவர் கோத்திரம் கேட்கிறார். இரண்டு பக்கமும் பாரத்வாஜம். “அண்ணன் தங்கை முறையாகிறதே!” பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. தமிழ்ப் பிராமணக் குடும்பங்களில் இப்படிக் கைவிடப்பட்ட சம்பந்தங்கள் ஏராளம்.

நெருங்கிய ரத்தத்தில் மணம் கூடாதென்று முன்னோர் வகுத்த விஞ்ஞானம் என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. பத்துத் தலைமுறை பின்னோக்கிப் போனால் ஒருவருக்கு 1,024 முன்னோர். தந்தை வழியே மட்டும் வரும் கோத்திரம் அவர்களில் ஒரே ஒருவரை நினைவில் வைத்திருக்கிறது. மாமன் மகளுக்கோ கோத்திரம் வேறு, தடையில்லை. ஆனால் மரபணுவில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொது. அக்காள் மகள் என்றால் நான்கில் ஒரு பங்கு!

சாஸ்திரங்களும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது தென்னாட்டு வழக்கம் என்று போதாயன தர்ம சூத்திரம் குறிப்பிடுகிறது. வழக்கமுள்ள நாட்டில் அது குற்றமில்லை, வேறிடத்தில் குற்றம் என்கிறது. மனுவோ அதற்குப் பிராயச்சித்தம் விதிக்கிறார். ஊரைப் பார்த்து விதியைத் தளர்த்தியவர்கள் நம் முன்னோர்களே.

அப்படியானால் கோத்திரம் எதைக் காத்தது? பங்காளி வீட்டுப் பெண் தங்கை என்ற உறுதியை. கொங்கு வேளாளரின் ‘கூட்டம்’ என்னும் குலப்பிரிவும் இதே வேலையைச் செய்கிறது. ஒரே வளவில் கூடி வாழ்ந்தவர்கள் நடுவே ஒரு பெண் அச்சமின்றி நடமாட அந்த முறை துணை நின்றிருக்கும். அதைச் சிறிய விஷயமென்று ஒதுக்க முடியாது. ஆனால் கும்பகோணத்துக் குடும்பமும் பாலக்காட்டுக் குடும்பமும் பெங்களூரில் முதல்முறையாகச் சந்திக்கும்போது, அங்கே காப்பதற்கு எந்த வளவு இருக்கிறது?

சட்டம் 1946லேயே ஒரே கோத்திர மணத்தைச் செல்லுமென்று ஏற்றுவிட்டது. 61 ஆண்டுகள் கழித்து, 2007இல், ஹரியானாவின் கைதல் மாவட்டத்தைச் சேர்ந்த, ஒரே கோத்திரத்தில் மணந்த இளம் தம்பதி கொல்லப்பட்டார்கள். 2010இல் கர்னால் நீதிமன்றம் தண்டித்தவர்களில் பெண்ணின் சொந்த உறவினர்களும் இருந்தார்கள். தங்கையைக் காக்கப் பிறந்த முறை தங்கையையே கொன்றது. இதை எந்த ஆசாரத்தின் பெயராலும் பொறுத்துக்கொள்ள முடியாது.

தமிழ்நாட்டில் சில குடும்பங்கள் மென்மையான வழியொன்றைக் கண்டிருக்கின்றன. கல்யாணத்துக்கு முன்பு பெண்ணைத் தாய்மாமனுக்குத் தத்துக் கொடுத்துக் கோத்திரத்தை மாற்றிவிடுகிறார்கள். விதியும் மீறப்படவில்லை, கல்யாணமும் நடந்துவிடுகிறது. ஆனால் அந்த முகூர்த்தத்தில் கன்னிகாதானம் செய்பவர் மாமா. இருபத்தைந்து வருடம் வளர்த்த அப்பா மேடையின் ஓரத்தில், அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.