பித்தளையில் மூன்று எழுத்துக்கள்

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று எம்மவர் சொல்லுவர். அம்பைச் செய்து விற்றவனைப் பற்றியோ, அந்த விற்பனைக்குக் கணக்கு எழுதியவனைப் பற்றியோ அப்பழமொழி வாய் திறப்பதில்லை.

எம்மோடு வேலை செய்து இளைப்பாறிய ஆங்கில நண்பர் ஒருவர் முதலாம் உலகப் போர்க்கால எறிகணைகளின் பியூஸ்களைச் சேகரிப்பவர். எறிகணையின் மூக்கில் திருகப்பட்டு, அது எப்போது வெடிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கருவியே பியூஸ். மருந்து அகற்றிய வெறுங்கூடுகள்தான் அவரிடம் உள்ளன. (பிரான்சிலும் பெல்ஜியத்திலும் கமக்காரர் உழும்போது இன்றும் வெடிக்காத எறிகணைகள் கிளம்புகின்றன. அவற்றை ஒருவரும் தொடலாகாது.) ஷெல் அடிக்குள் வாழ்ந்து வந்த எமக்கு அவரது அலுமாரியை ஏறிட்டுப் பார்க்கவே மனம் ஒப்பவில்லை. போரையும் அடுக்கி வைத்து அழகு பார்ப்பதா என்று உள்ளூரச் சினந்தோம்.

அவர் 80 ஆம் இலக்கப் பியூஸ் ஒன்றைக் கையில் தந்தார். சுற்றிவர ஒரு வளையம், அதில் அளவுக் கோடுகள். வளையத்தைத் திருப்பினால் உள்ளே எரியவேண்டிய கருமருந்தின் நீளம் கூடும் அல்லது குறையும். அந்த அளவுப்படி எறிகணை வானிலேயே வெடித்து ஈயக் குண்டுகளைச் சொரியும். இலக்கம், செய்த நிறுவனத்தின் குறி, ஆண்டு எல்லாம் உலோகத்தில் பொறித்திருக்கும். அவற்றைக் கொண்டே சேகரிப்போர் இனங்காண்கிறார்கள். சிலவற்றில் கே, பி, இஸட் என்று மூன்று எழுத்துக்கள் உண்டு. 'குருப் காப்புரிமைப் பியூஸ்' என்பதன் ஜேர்மன் சுருக்கம்.

பிரித்தானிய எறிகணையில் ஜேர்மன் எழுத்து எப்படி வந்தது? 1902 இல் விக்கர்ஸ் நிறுவனம் ஜேர்மனியின் குருப் நிறுவனத்திடம் உரிமம் பெற்றது. பியூஸ் ஒன்றுக்கு 1 சிலிங் 3 பென்ஸ். 1914 இல் போர் மூண்டது. கொடுப்பனவு நின்றது, உற்பத்தி நிற்கவில்லை. 1921 இல் குருப் 260,000 பவுண் கேட்டு வழக்கிட்டது. தொழிற் பழக்கம், கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு பவுணுக்கு 16 பியூஸ். ஆக 41 இலட்சத்து 60 ஆயிரம். தன் நாட்டுப் பிள்ளைகள்மீது எறிந்தவற்றுக்கு அந்நாட்டு நிறுவனமே கூலி கேட்டது! 1926 இல் 40,000 பவுணோடு விடயம் தீர்ந்தது.

சட்டப்படி ஒப்பந்தம் ஒப்பந்தமே. அந்நிறுவனத்தில் நாம் கணக்காளராய் இருந்திருந்தால் அத்தொகையை 'வரவேண்டிய பணம்' என்று பதிந்திருப்போமா? பதிந்திருப்போம். கூட்டுத்தொகை சரியா என்று இருமுறை பார்த்தும் இருப்போம். ஆயுத பூசையன்று அம்பாள் முன் நாம் வைப்பது பேரேடும் கல்குலேட்டரும். இரத்தம் படாத கருவிகள் என்றே இதுகாறும் எண்ணியிருந்தோம்.

ஊரில் ஷெல் விழுந்த மறுநாள் பிள்ளைகள் இரும்புத் துண்டுகளைப் பொறுக்குவார்கள். யார் செய்தது, எந்த ஆண்டு என்று நாம் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. நண்பர் திருப்பிப் பார்க்கிறார். அவர்மீதிருந்த சினம் அன்றே போயிற்று.

விடைபெறும்போது தம்மிடம் இரண்டாய் இருந்ததில் ஒன்றைத் தந்தார். "உதை வீட்டுக்குள்ளை கொண்டு வராதேங்கோ" என்றார் எமது துணைவியார். சுவாமி அறை உள்ள வீடு. அவர் சொல்வதும் நியாயமே. எறியவும் மனம் வரவில்லை. இரண்டு மாதமாக அது காரின் பின்பெட்டியில், கோயிலுக்குக் கொண்டுபோகும் அரிசிப் பையோடு கிடக்கிறது.