சாட்சி வரும் தொலைவு

திருவிளையாடற் புராணத்தின் இறுதித் திருவிளையாடல் வெளியூர்ச் சாட்சியைப் பற்றியது. கும்பகோணத்தை அடுத்த திருப்புறம்பியத்தில் வன்னி மரமும் கிணறும் இலிங்கமும் சான்றாக ஒரு வணிகன் மணம் புரிந்தான். மதுரைக்கு வந்தபின் மூத்தாள் அத்திருமணத்தை ஏற்க மறுத்துப் பழித்தாள். இளையாள் அழுது வேண்ட, அம்மூன்று சாட்சிகளும் மதுரைக் கோவிலிலேயே தோன்றின என்பது கதை. திருப்புறம்பியத்து இறைவன் இன்றும் சாட்சிநாதர் என்றே வழங்கப்படுகின்றார். அந்தச் சாட்சிகளுக்கு வழிச்செலவும் இல்லை. கூலி இழப்பும் இல்லை.

மனிதச் சாட்சிக்கு இரண்டும் உண்டு. ஜித்ரா மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஒருவர் மூவாயிரம் வெள்ளிக் கடனைக் கேட்டு வழக்கிடுகின்றார் எனக் கொள்ளலாம். 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 93ஆம் ஆணைப்படி, 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கையைத் தனிமனிதர் வழக்கறிஞரின்றித் தாமே நடத்தலாம். ஆனால், கடனுக்குச் சீட்டு இல்லை. தோட்டத்து லயத்தில் எவர் சீட்டு எழுதினார்? பக்கத்து வீட்டுக்காரரை நிற்கவைத்துப் பணத்தை எண்ணிக் கொடுத்தார்கள், அதுவே பத்திரம். தோட்டம் விற்கப்பட்டுக் குடும்பங்கள் சிதறியபின், அந்தப் பத்திரம் ஜொகூர்த் தொழிற்சாலை ஒன்றில் இரவுக் காவல் பார்க்கின்றது. இடையே எழுநூறு கிலோமீட்டருக்கு மேல்.

1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டம் இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று வரையறுக்கவில்லை, ஒருவர் போதும். ஆயினும், கண்டதைக் கண்டவரே கூறவேண்டும். வர மறுப்பவரைச் சப்பீனா அனுப்பி அழைக்கலாம். அப்போதும் வழிச்செலவு கொடுத்தாக வேண்டும்.

“காசு வாங்கிக்கொண்டு சாட்சி சொல்ல வந்தான்” என்ற பேச்சு இங்கேதான் பிறக்கின்றது. இது நியாயமற்ற பேச்சு. பேருந்துக் கட்டணமும் இழந்த நாட்கூலியும் தருவது விலை பேசுதல் ஆகாது. வென்றால் பங்கு தருவதாகச் சொல்வதுதான் விலை.

சாட்சியின் கடமை எத்தகையது? தற்செயலாகப் பார்த்தவரிடம் உண்மையை எதிர்பார்க்கலாம். சட்டம் அழைக்காதவரை, நெடும்பயணத்தை அறத்தின் பெயரால் வற்புறுத்துவது கடினம். “நீங்கள் சாட்சி” என்று கேட்டுத் தலையசைத்தவர் நிலை வேறு. அவரை நம்பியே பணம் கைமாறியது. அத்தலையசைப்புக்கு ஊர் மாறியதால் காலாவதி வந்துவிடுமா?

2020ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்பின், நீதிமன்றம் இசைந்தால் காணொளி வழியாகவும் சாட்சியம் பெறலாம். மூன்று நாள் அலைச்சல் ஒரு மணி நேரமாகச் சுருங்கக்கூடும். அப்போதும் சிலர் வாய் திறப்பதில்லை. கடன் வாங்கியவரும் அதே லயத்தில் வாழ்ந்தவர். ஒருவேளை, அவர் வீட்டில் பெண் கொடுக்கப் பேச்சு நடந்துகொண்டிருக்கலாம். “அவ்வளவு தூரம் எப்படி வருவது?” என்று ஜொகூரிலிருந்து பதில் வரும்போது, அவர் சொல்லும் தூரம் சாலையின் தூரம்தானா என்பதைக் கேட்பவரும் அறிவார்.