வாயில் காப்போரின் அமானிதம்

அரபு அரசுகளில் மன்னரின் வாயிலைக் காத்த அதிகாரிக்கு ‘ஹாஜிப்’ என்று பெயர். ‘மறைப்பவர்’ என்பது அச்சொல்லின் பொருள். இன்று குடியரசுத் தலைவர்களின் செயலாளர்கள் அவ்விடத்தில் இருக்கின்றனர். ஆணையிடும் அதிகாரம் அவர்களுக்கில்லை. ஆயினும் ஆணையிடுவோர் எதைக் காண்பர், எதைக் கேட்பர் என்பது பெரிதும் அவர்கள் கையில் உள்ளது. அமெரிக்க அதிபர் நிக்சனின் தலைமை அலுவலர் ஹால்டெமன் உண்மையை மறைக்கத் துணைநின்றார். 1973-இல் பதவி விலகிப் பின்னர்ச் சிறையும் சென்றார்.

நம் நாட்டின் நிகழ்ச்சி வேறு வகையினது. 1975 ஜூன் 25 இரவு, நெருக்கடி நிலை கோரிய பிரதமர் இந்திரா காந்தியின் கடிதத்தைக் குடியரசுத் தலைவர் பக்ருத்தீன் அலி அகமது தம் செயலாளர் பாலச்சந்திரனிடம் காட்டினார். அமைச்சரவையின் ஆலோசனையின்றிச் செயற்படுவது அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்று அவர் எடுத்துரைத்தார். எனினும் அன்றிரவே ஒப்பம் விழுந்தது. அமைச்சரவை மறுநாட் காலையில்தான் கூடியது.

அவர் சொல் வீணாயிற்றா? இல்லை என்போம். அவர் வாளாவிருந்திருப்பின், ‘அறியாமற் செய்தேன்’ என்னும் தஞ்சம் தலைவருக்குக் கிடைத்திருக்கும். சொன்னதனால் பொறுப்பு உரியவரிடம் சேர்ந்தது. ஷா விசாரணை ஆணையத்தின் வாயிலாக நாமும் அதனை அறிந்தோம். ஏற்கச் செய்தல் ஆலோசகரின் கடனன்று; மறைக்காமற் சொல்லுதலே அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.