கை படாத காசு

1898ஆம் ஆண்டு புதுக்கோட்டைப் பகுதியில் மண்ணுக்குள்ளிருந்து 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காலத்தவை. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட காசுகளில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே ஒரு வெட்டு ஓடுகிறது. கைதவறி விழுந்த கீறலாக அதைக் கொள்ள முடியாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, முகம் இருக்கும் பக்கத்தைத் திருப்பி வைத்து உளியை இறக்கியிருக்கிறார்.

இது இனி நாணயமாகச் செல்லக் கூடாது, வெறும் பொன்னாகவே எடை போடப்பட வேண்டும் என்பதற்காக வெட்டினார்கள் என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். மனித உருவம் பொறிப்பதை ஏற்காத சமய உணர்வு காரணமாக இருக்கலாம் என்று வேறு சிலர் கருதினார்கள். எதுவானாலும், அந்த வெட்டு ஒரு முடிவின் தடயம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த மண்ணில் வாழ்ந்த ஒருவருடைய மனம் அந்த ஒரு கோட்டில் தங்கியிருக்கிறது. ஆனால் அதே காசை இன்று தர மதிப்பீட்டுக்கு அனுப்பினால், அந்த வெட்டு ஒரு குறையாக எழுதப்பட்டுத்தான் திரும்பி வரும்.

குறை என்றால் என்ன? நாணயம் சேகரிப்பவர்கள் நாள்தோறும் பூதக்கண்ணாடியின் கீழ் சந்திக்கும் கேள்வி இது. இதன் வேர் சந்தையில் தொடங்கி சமயம் வரைக்கும் போகிறது.

உலக நாணயச் சேகரிப்பில் இன்று புழங்குவது 1 முதல் 70 வரையிலான எண்களின் மொழி. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஷெல்டன் 1949இல் பழைய அமெரிக்கச் செம்பு சென்ட் காசுகளைப் பற்றி எழுதிய நூலில் இந்த அளவுகோலை வகுத்தார். இன்ன காசு என்று அடையாளம் மட்டும் தெரிந்தால் 1. அச்சிலிருந்து அப்போதுதான் விழுந்ததுபோல் இருந்தால் 70. முதல் வகை ஒரு டாலர் பெறுமானால் கடைசி வகை எழுபது டாலர் பெறும் என்பது அவர் போட்ட கணக்கு. விலைக்கணக்கு நிலைக்கவில்லை, எண்கள் நிலைத்துவிட்டன. 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி என்ற அமெரிக்க நிறுவனங்கள் தோன்றின. காசைப் பார்த்து, எண் கொடுத்து, திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தருவது இவற்றின் வேலை. 60 முதல் 70 வரையிலான படிகள் புழக்கத்துக்கே போகாத காசுகளுக்கு உரியவை. ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒரு தழும்பு தென்படக் கூடாது என்பது எழுபதின் இலக்கணம்.

தமிழில் நாணயம் என்ற சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். அதனால் ஷெல்டனைப் பற்றிய இன்னொரு செய்தியைத் தமிழ் வாசகரால் சும்மா தாண்டிப் போக முடியாது. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் தொகுப்பிலிருந்த உயர்தரச் செம்புக் காசுகளை எடுத்துக்கொண்டு, தரம் குறைந்தவற்றை அந்த இடத்தில் அவர் வைத்திருந்தார் என்பது அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துத் தெரியவந்தது. காசின் மேற்பரப்பை அளக்க எண் கண்டுபிடித்தவரை அந்த எண்ணே மயக்கியிருக்கிறது. இந்த அளவுகோலைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தக் கலையில் புதிதாக நுழைபவர் முதலில் கற்பது தொடாமல் இருக்க. காசை விளிம்பில் மட்டுமே பிடிக்க வேண்டும். விரலின் உப்பும் எண்ணெயும் செம்பில் ஒரு ரேகையாகப் பதிந்து, சில மாதங்களில் கறுத்து நிரந்தரமாகிவிடும். மென்மையான பிவிசி உறைகளில் வைத்தால் பச்சையாகப் பிசுபிசுத்து உலோகத்தையே அரிக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு துலக்குவது. நம் வீடுகளில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் பழக்கம் உண்டு. தாத்தாவின் பெட்டியில் கிடைத்த கால் அணாவையும் அதே அன்போடு துலக்கிப் பளபளக்க வைத்துவிட்டு, சேகரிப்பாளரிடம் காட்டி முகம் வாடிப்போனவர்கள் எத்தனையோ பேர். புளியின் அமிலம் அழுக்கோடு சேர்த்து மேல்தோலையும் கரைத்துவிடுகிறது. ஒருமுறை போன தோல் திரும்பி வருவதில்லை.

வெள்ளிக்காசைக் காற்றிலிருக்கும் கந்தகம் தொட்டால் கதை வேறு. வெள்ளியின் மேல் மெல்லிய படலம் ஒன்று படிந்து, அதன் கனத்துக்கு ஏற்ப முதலில் பொன்மஞ்சள், பிறகு ஊதா, நீலம் என்று நிறம் மாறும். மயில்கழுத்து நிறத்தில் மின்னும் அத்தகைய காசுக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலையே கொடுக்கிறார்கள். வேதியியலின் கண்ணுக்கு இரண்டுமே உலோகம் கெடுவதுதான். காலம் தொட்டதை அழகு என்றும் மனிதன் தொட்டதைக் குறை என்றும் பிரித்தது சேகரிப்பாளரின் கண்.

மேற்கில் இந்தக் கண்ணுக்கு ஒரு பழைய சமய மூலம் உண்டு. ரோமுக்கு வரி கட்டலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு ஒரு தெனாரியத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதில் இருப்பது யாருடைய உருவம் என்று கேட்டதை நற்செய்தி நூல்கள் சொல்கின்றன. சேகரிப்பாளர்கள் அதை டைபீரியஸ் பேரரசரின் வெள்ளிக்காசு என்று அடையாளம் காண்கிறார்கள். தென்னிந்தியாவில், குறிப்பாகக் கொங்குப் பகுதியில் கிடைத்த ரோமானியப் புதையல்களில் மிகுதியாக வரும் காசுகளில் அந்த வகையும் ஒன்று. பின்னாளில், வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயராக இருந்த அகஸ்தீன் இந்தக் காட்சியை இன்னும் உள்ளே கொண்டுபோனார். சீசரின் உருவம் காசில் இருப்பதுபோலக் கடவுளின் உருவம் மனிதரில் பொறிக்கப்பட்டிருக்கிறது; மனிதர் கடவுளின் கருவூலத்திலிருந்து வழிதவறிப்போன காசுகள்; அலைந்து திரிந்ததில் அந்த உருவம் தேய்ந்துவிட்டது; பொறித்தவரே அதை மறுபடி பொறிக்க வர வேண்டும் என்பது அவர் பேசியதன் சாரம்.

உருக்கமான உவமை. ஆனால் அதற்குள் தேய்மானம் பாவமாகிவிட்டது. அச்சிலிருந்து விழுந்த கணமே தூய நிலை, அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் வீழ்ச்சி. எழுபதாம் எண்ணுக்காக ஏங்குகிறவருக்கு அகஸ்தீனைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் விட்டுச்சென்ற படிமம் அந்த ஏக்கத்துக்குள் இன்னும் இருக்கிறது.

தூய்மையைத் தொடாமையோடு சேர்த்துக் கட்டும் எண்ணத்தை இந்த மண்ணுக்கு யாரும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. கூலியைக் கையில் கொடுக்காமல், விரல் படாத உயரத்திலிருந்து உள்ளங்கையில் போட்ட காலம் நமக்கு அவ்வளவு தொலைவில் இல்லை. ஆனால் அப்படிப் போடப்பட்ட காசு அன்று மாலையே மளிகைக் கடைக்குப் போனது. அங்கிருந்து இன்னொரு வீட்டுக்கு. ஒருநாள் கோயில் உண்டியலுக்குள்ளும் விழுந்தது. அது யாருடைய கையிலிருந்து வந்தது என்று உண்டியல் கேட்டதில்லை. எல்லாக் கைகளையும் தொட்டே தீர வேண்டிய பொருளாகக் காசு இருந்தது. அதன் தேய்மானத்தைக் குறை என்று சொல்வதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

செருப்புக்கு இரண்டு பயன் உண்டு என்று அரிஸ்டாட்டில் எழுதினார்: காலில் போட்டுக்கொள்வது ஒன்று, பண்டமாற்றுக்குக் கொடுப்பது இன்னொன்று. காசுக்கு அந்த இரண்டாவது பயன் மட்டும்தான். அதனால்தான் அது இயற்கையால் இல்லாமல் வழக்கத்தால் நிற்கிறது என்றும், நாணயத்தைக் குறிக்கும் நோமிஸ்மா என்ற கிரேக்கச் சொல் வழக்கம், சட்டம் என்று பொருள்படும் நோமோஸிலிருந்து வந்தது என்றும் அவர் விளக்கினார். கைமாறாத காசு எந்த அளவுக்குக் காசு?

1933ஆம் ஆண்டின் அமெரிக்க இருபது டாலர் பொற்காசு இந்தக் கேள்விக்கு உடல் கொடுத்தது. 4,45,500 காசுகள் அச்சிடப்பட்டன. அதற்குள் அமெரிக்க அரசு தங்கத்தைப் புழக்கத்திலிருந்து விலக்கிவிட்டதால், அவை நாணயமாக வெளியிடப்படாமலே உருக்கப்பட்டன. சில மட்டும் களவாக வெளியேறின. அவற்றில் ஒன்றை எகிப்து மன்னர் ஃபாரூக்குக்காக வெளிநாடு கொண்டுசெல்ல 1944இல் அனுமதி கிடைத்துவிட்டது. நீண்ட வழக்குக்குப் பிறகு 2002இல் நியூயார்க்கில் ஒரே ஒரு காசு சட்டப்படி ஏலம் போனது. ஏலத்தொகை எழுபத்தைந்து லட்சம் டாலரைத் தாண்டியது. அதற்கு மேல் இன்னும் இருபது டாலர் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. அரசு அதை ஒருபோதும் நாணயமாக வெளியிடவில்லை என்பதால், அன்றுதான் அது சட்டப்படி நாணயம் ஆயிற்று. 2021இல் அதே காசு ஒரு கோடியே 88 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது. ஒரு ரொட்டியைக்கூட வாங்கித் தராத காசு உலகத்திலேயே விலை உயர்ந்த காசு.

அந்தக் காசின் அழகை மறுப்பதற்கில்லை. கை படாத காசின் ஒளியைக் கண்ணால் கண்டவர் அதை மறக்க மாட்டார். அச்சு இறங்கும் விசையில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகளாக உறைந்துவிடுகிறது. காசை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தால், அந்த வரிகளின் மேல் ஒளி வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்கள்போலச் சுழலும். முதலில் தேய்வது இதுதான். நாணயங்களைப் படமெடுப்பவருக்குப் பெரும்பாடாக இருப்பதும் இதுதான்: அசைவில் மட்டுமே இருக்கும் ஒரு ஒளியை அசையாத படத்தில் எப்படிப் பிடிப்பது? மேக்ரோ லென்ஸைச் செங்குத்தாகக் கீழ்நோக்கி நிறுத்துகிறார்கள். கடிகாரத்தில் பத்து மணி, இரண்டு மணி இருக்கும் திசைகளில் இரண்டு விளக்குகள் வைக்கிறார்கள். சிலர் லென்ஸுக்கும் காசுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் துண்டை 45 பாகையில் சாய்த்து, ஒளி நேர்மேலிருந்து விழச் செய்கிறார்கள்.

இங்கேயும் நாணயம் என்ற சொல்லின் இரண்டாவது பொருள் குறுக்கிடுகிறது. ஒளியை வெள்ளைத் துணியால் மெத்தென்று ஆக்கினால், துலக்கியதால் விழுந்த மயிர்க்கீறல்கள் மறைந்துவிடும். விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வைத்தால் ஒவ்வொரு கீறலும் பள்ளத்தாக்காகத் தெரியும். இரண்டு படங்களிலும் இருப்பது ஒரே காசுதான். விற்பவர் எந்த விளக்கைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது வெறும் அழகியல் விஷயம் இல்லை. பழைய நாணயவியல் அறிஞர்கள் காசைச் சாந்தில் அச்செடுத்து, பளபளப்பில்லாத அந்த வெள்ளைப் பிரதியைப் படமெடுத்தார்கள். உலோகத்தின் மினுக்கம் அவர்களை ஏமாற்றக் கூடாது என்ற கவனம் அதில் இருந்தது.

சங்க காலத் தமிழகத்திலும் காசைச் சோதித்துச் சொல்பவர்கள் இருந்தார்கள். வண்ணக்கர் என்பது அவர்களின் பெயர். சங்கப் புலவர் சிலரின் பெயர்களோடு அந்தத் தொழில்பெயர் ஒட்டியிருக்கிறது. வண்ணக்கர் கேட்ட கேள்வி, இது நல்ல பொன்னா என்பது. தேய்ந்திருந்தால் எடை குறையும், அவ்வளவுதான். தேய்ந்ததற்காக அது கெட்ட காசு ஆகிவிடாது.

வடுவைக் குறையாக எண்ணாத வேறொரு மரபும் மேற்கிலேயே உண்டு. கருங்கடல் கரையிலிருந்த சினோப்பி நகரத்து டயோஜனிஸ், நாணயத்தைச் சிதைத்த குற்றத்துக்காக ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது என்று பழைய வரலாறு சொல்கிறது. கட்டுக்கதையாகத் தோன்றலாம், ஆனால் பொ.ஆ.மு. நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த, உளியால் அடித்துச் சிதைக்கப்பட்ட சினோப்பிக் காசுகள் உண்மையாகவே கிடைத்திருக்கின்றன. பிற்காலத்தில் அவர் வழி வந்தவர்கள் அந்தக் குற்றத்தையே கொள்கையாக ஆக்கிக்கொண்டார்கள். நோமிஸ்மா என்றால் காசு. வழக்கம் என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது. செல்லுபடியாகும் வழக்கங்களின் மேல் உளியை வைத்துப் பார், உள்ளே என்ன உலோகம் என்று தெரியும் என்பது அவர்களின் தத்துவம்.

ஸ்பானிய வெள்ளி டாலர்கள் சீனத் துறைமுகங்களில் கைமாறியபோது, வெள்ளி நல்லதுதான் என்று சோதித்தவர் தன் எழுத்தைச் சிறு முத்திரையாக அவற்றில் அடித்தார். சில காசுகளில் மன்னரின் முகமே தெரியாத அளவுக்கு முத்திரைகள். ஒவ்வொன்றும் ஒரு வணிகர் கொடுத்த வாக்கு. நெடுங்காலம் இவை சேதம் என்றே ஒதுக்கப்பட்டன. இன்று அமெரிக்க வர்த்தக டாலரில் விழுந்த இத்தகைய முத்திரையைப் பிசிஜிஎஸ் தனி வகையாக ஏற்று எண் கொடுக்கிறது. அளவுகோலும் கற்றுக்கொள்கிறது என்பதில் மகிழ்ச்சி. தென்னிந்தியாவில் கிடைக்கும் ரோமானியப் பொற்காசுகளில் சில, முகத்துக்கு மேலே துளையிடப்பட்டவை. காசுமாலை என்ற பெயர் இன்றும் வாழும் நாட்டில், அந்தத் துளை எதற்கு என்று விளக்கத் தேவையில்லை. ஒருவர் கழுத்தில் கிடந்த காசு அது. மதிப்பீட்டுச் சீட்டில் துளை என்று மட்டும் எழுதியிருந்தால் பாதிச் செய்தி விடுபட்டுவிட்டது.

பூஜையறைகளில் வைக்கப்படும் ராமடங்கா என்ற காசு வடிவப் பொருளைச் சேகரிப்பாளர்கள் பலர் வைத்திருக்கிறார்கள். ராமர் பட்டாபிஷேகம் பொறித்த அது கடைவீதிக்குப் போனதில்லை, ஆனாலும் தேய்ந்திருக்கிறது. தினமும் நீராட்டி, துடைத்து, பொட்டிட்டு, தலைமுறை தலைமுறையாக விரல்கள் அதே இடத்தைத் தொட்டதில் சீதையின் முகம் மழுங்கிவிட்டது. பள்ளங்களில் பழைய குங்குமம் இறுகியிருக்கிறது. படமெடுக்க உட்காரும் சேகரிப்பாளர் அழுக்கு நீக்கும் அசிட்டோன் குப்பியை எடுத்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் யோசித்து, மூடியைத் திறக்காமலே ஓரமாகத் தள்ளுகிறார். விளக்கை இன்னும் தாழ்த்துகிறார். மழுங்கிய முகத்தின் ஓரத்தில் மெல்லிய நிழல் ஒன்று விழுகிறது. அதன் அருகில் குங்குமம் சிவப்பாகவே தெரிகிறது.