நிறுவைக்கு வராத சுமை

போர்வீரன் சுமந்து சென்றவற்றைக் கணக்கிட்டுக் காட்டுவது போர்க்கதைகளில் ஒரு மரபாகவே நிலைபெற்றுவிட்டது. வியட்நாம் போரில் பங்குகொண்ட அமெரிக்க எழுத்தாளர் டிம் ஓ’பிரையன் 1990இல் வெளியிட்ட கதைநூலில் துப்பாக்கி, தோட்டா, தலைக்கவசம் ஆகியவற்றின் எடை இறாத்தல் கணக்கில் சொல்லப்படுகிறது. ஒரு பெண்ணின் கடிதங்களும், அச்சமும், தோழனின் சாவுக்குத் தானே பொறுப்பு என்னும் குற்ற உணர்வும் அதே பட்டியலில் இடம்பெறுகின்றன.

எடை என்பது யாதென ஊவாத் தோட்டத் தொழிலாளிக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பசறையிலும் அப்புத்தளையிலும் கூடைக் கயிற்றைத் தலையில் தாங்கி மலையேறி இறங்கும் பெண், மடுவத்தில் தராசின் முன் வந்து நிற்கிறாள். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழித்தது போக எஞ்சியதே அவள் பெயரில் பதியப்படும். சுமப்பவள் ஒருத்தி, நிறுப்பவன் மற்றொருவன். இவ்வேற்பாட்டை அறிந்தவர்கள் போர்க்கதையைப் படிக்கும்போதும், தராசு எவர் கையில் இருக்கிறது என்று கேட்பது இயல்பேயன்றோ?

ஓ’பிரையனின் கதைசொல்லி, தான் கொன்றதாகக் கூறும் வியட்நாமிய இளைஞனின் வாழ்வைக் கற்பனை செய்து பார்க்கிறான். நேர்மையான முயற்சிதான். ஆயினும் அந்த இளைஞன் தன் சுமையோடு அங்கே வரவில்லை. கொன்றவனின் சுமைகளுள் ஒன்றாகவே வருகிறான். வீரனின் மனவேதனை பொய்யன்று. ஆனால் வேதனைப்படுவது பொறுப்பேற்பதாகிவிடுமா? அனுதாபத்தை முதலில் பெற்றுக்கொண்டவனிடம் பிறகு கணக்குக் கேட்க வாசகனுக்கு மனம் வருவதில்லை.

நம் தமிழில் இக்கணக்கைக் கேட்ட நூல்கள் உண்டு. 1985இல் வெளிவந்த கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’, விடுதலைக்கெனப் புறப்பட்ட இயக்கம் தன் தோழர்களையே வதைத்த கதையை உள்ளிருந்து சொன்னது. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’வும் அவ்வழியில் வந்ததே. இவற்றில் ஆயுதம் ஏந்தியவனின் துயரம், அவன் செய்தவற்றிலிருந்து பிரிக்கப்படவில்லை.

இனி, பதுளை மாவட்டத்துக்கு வருவோம். தியத்தலாவையில் இலங்கை இராணுவத்தின் பயிற்சிக் கழகம் இருக்கிறது. அங்கிருந்து சில மைல் தொலைவில், பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவையில், புலிகள் இயக்கத்திலிருந்து சரணடைந்தவர்களும் சந்தேகத்தில் பிடிபட்டவர்களுமான தமிழ் இளைஞர்கள் புனர்வாழ்வு முகாமொன்றில் வைக்கப்பட்டிருந்தனர். 2000ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் காலை, பொலிஸார் நின்றிருந்த இடத்திலேயே, திரண்டு வந்த கூட்டம் அவர்களுள் 25 பேருக்கு மேல் கொன்றது. 2003இல் ஐவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2005இல் மேன்முறையீடுகள் முடிந்தபோது எவர்மீதும் குற்றம் நிற்கவில்லை. ஆயுதத்தைக் கீழே வைத்தவன் சுமையையும் இறக்கி வைத்துவிட்டான் என்று கதைகள் சொல்லும். இந்த இளைஞர்களுக்கு ஆயுதம் இறங்கியது, அடையாளம் இறங்கவில்லை. கொன்ற கூட்டமோ தோட்ட முதலாளிகளின் கூட்டமன்று. அயற்கிராமங்களின் எளிய மக்களும் அதில் இருந்தனர். இராணுவச் சம்பளத்தை நம்பி மகனைப் போர்முனைக்கு அனுப்பிய ஏழைச் சிங்களக் குடும்பங்கள் ஊவாவில் ஏராளம். ஓர் ஏழையின் அச்சத்தை இன்னோர் ஏழையின் தலைமேல் ஏற்றிவிடும் கலையை நம் அரசியல்வாதிகள் நன்கு கற்றிருக்கிறார்கள்.

துப்பாக்கியைத் தொட்டே அறியாதவர்களும் இச்சுமைக்குத் தப்பவில்லை. பதுளை மண்ணில் பிறந்த தெளிவத்தை ஜோசப் தம் ‘குடை நிழல்’ நாவலில், கொழும்பில் சந்தேகத்தின் பேரில் கைதாகும் மலையகத் தமிழனைக் காட்டினார். அவன் எப்போரிலும் ஈடுபட்டவனல்லன். தமிழன் என்பதே போதுமானதாயிருந்தது. 1977, 1983 வன்செயல்களால் விரட்டப்பட்டு வன்னியில் குடியேறிய தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகளோ, அங்கே போராளிகளாகவும் கட்டாயத்தின் பேரில் பிடிக்கப்பட்டவர்களாகவும் மாண்டனர். லயத்தில் கூடை சுமந்த பாட்டியின் பேரப்பிள்ளைகள் அவர்கள். இம்மூன்று தலைமுறைகளையும் ஒரே கதையில் வைத்து எழுதும் நாவலுக்கு மலையகத்திலிருந்தே ஒருவர் முன்வர வேண்டும். பிந்துனுவெவையில் இறந்த இளைஞர்களின் தாய்மாரிடமும், அக்கூட்டத்தில் தன் மகனும் நின்றான் என்றறிந்த சிங்களத் தாயிடமும் அவர் போய்ப் பேசவேண்டியிருக்கும்.